கம்ப்யூட்டரில் ஹை-ரெஸ் பாட்டு: டேக் (DAC) வாங்கலாமா, ஹெட்போனா?

நண்பர்களே, கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். ஹை-ரெஸ், அதாவது சிடியைவிட நுணுக்கமான 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய) கோப்புகளாகச் சில நாதஸ்வரக் கச்சேரிகளை விலைக்கு வாங்கியிருக்கிறேன். சிடி என்றால் 16 பிட், 44.1தான்.

விண்டோஸ் மிக்ஸர் சாம்பிள் ரேட்டை (அந்தக் கிலோஹெர்ட்ஸ் எண்ணை) மாற்றிவிடும் என்பதால், ஃபூபார் என்கிற பாட்டு மென்பொருளில் மிக்ஸரைத் தாண்டி நேராக அனுப்பும் வாசாபி எக்ஸ்க்ளூசிவ் அமைப்பைப் போட்டுவிட்டேன். அது சரி. ஆனால் மதர்போர்டு ஜாக்கில் ஹெட்போன் செருகினால், மவுஸை அசைக்கும்போதெல்லாம் ஒரு கீச்சு. தவில் ஓய்ந்து ஆலாபனை நடக்கிற இடத்தில் அதுதான் முன்னால் கேட்கிறது!

யுஎஸ்பி டேக் (டிஜிட்டல் பாட்டைக் கம்ப்யூட்டருக்கு வெளியே ஒலி சிக்னலாக மாற்றுகிற கருவி) போட்டால் இது போய்விடுமா? பட்ஜெட் ஏழாயிரம். டேக்குக்கே போடவா, பாதியை நல்ல ஹெட்போனுக்கு ஒதுக்கவா? ஓசூர், பெங்களூர் பக்கம் கேட்டுப் பார்த்து வாங்குகிற மாதிரி கடை இருந்தாலும் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிடுவேன்.