புது டைவ் வாட்ச்சுக்கு எதற்கு இந்தப் பழுப்பு?

கேள்வி
ட்யூடர் பிளாக் பே ஃபிஃப்டி எய்ட் என்ற டைவ் வாட்ச் (நீரில் மூழ்குபவர்களுக்கான வாட்ச்) வாங்கும் எண்ணம். 39 மி.மீ. அளவு என் மணிக்கட்டுக்குப் பாந்தமாக இருக்கிறது. உறுத்துவது ஒன்றுதான். டயலில் மணிப்புள்ளிகளும் முட்களும் பளிச்சென்ற வெள்ளையாக இல்லாமல் பாலேட்டு நிறத்தில் இருக்கின்றன. "புது வாட்ச்மேல் டீத்தண்ணீர் தெளித்தது யார்?" என்று அண்ணன் கேலி செய்கிறார். போகப் போக இன்னும் மஞ்சளாகிவிடுமா? இருட்டில் ஒழுங்காகத் தெரியுமா?

பதில் 1
ஒமேகா சீமாஸ்டர் 300 பார்த்தீர்களா? அதிலும் இதே கூத்துதான். எனக்குப் பிடித்திருக்கிறது, கட்டுகிறேன். அண்ணனை விடுங்கள்.

பதில் 2
பழைய வாட்ச்களைத் திறந்து பழுதுபார்ப்பது என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் இருட்டில் ஒளிர டயலில் பூசியது கதிர்வீசும் ரேடியம். 1960களில் டிரிட்டியம் வந்தது, அதுவும் கதிர்வீசும். டயலின் அடியில் பொடி எழுத்தில் 'T' என்று இருந்தால் டிரிட்டியம். அந்தக் கதிர்வீச்சுதான் கூடவே கலந்த துத்தநாக சல்பைடை ஒளிரவைத்தது, நாளாவட்டத்தில் அதைச் சீரழித்ததும் அதுவே. வெள்ளைப் பூச்சு பழுத்துப்போனது இப்படித்தான். இப்போது பூசும் சூப்பர் லூமிநோவா என்ற ஒளிரும் பூச்சில் கதிர்வீச்சே கிடையாது. உங்கள் வாட்ச்சின் நிறம் தொழிற்சாலையிலேயே கலந்த சாயம். அது அந்த வழியில் மஞ்சளாகாது.

லென்ஸ் வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நிஜமான பழைய டயலில் ஒரு புள்ளி தேன் நிறம், பக்கத்துப் புள்ளி வைக்கோல் நிறம். நடுவில் மயிரிழை விரிசல். ஓரத்தில் டயலிலேயே கறை படிந்த வளையம். இடையில் யாராவது முட்களை மாற்றியிருந்தால் அவை மட்டும் தனி நிறத்தில் நிற்கும். புதியதில் எல்லாம் வழித்துவிட்டதுபோல ஒரே சீர். முதுமை இவ்வளவு ஒழுங்காக வராது! எனக்கு உறுத்துவது அந்த ஒழுங்குதான்.

உங்கள் டயலில் இருக்கும் பொன்னிற எழுத்தை இந்தப் போலி முதுமையில் சேர்க்காதீர்கள். 1950களில் அந்த டயல்கள் புதிதாகவே அப்படித்தான் வந்தன. அதை மறுபடி செய்வது மரபு. வெயிலில் கெட்டுப் பழுப்பேறிய கறுப்பு டயலைப் பார்த்து, புதிதிலேயே பழுப்பு டயல் போடுகிறார்களே, ஒமேகாவின் 007 டைட்டானியம் வாட்ச்சில் வந்ததுபோல, அதுதான் வேஷம். ஆனாலும் அது அழகான வேஷம், மறுக்கமாட்டேன்.

இருட்டு விஷயம்: சாயம் கலந்தால் ஒளி கொஞ்சம் மங்கும். ஆனாலும் டைவ் வாட்ச்களுக்கான ஐஎஸ்ஓ 6425 தரம் கேட்பது இருட்டில் 25 செ.மீ. தூரத்தில் மணி தெரிய வேண்டும் என்பதுதான். கடையில் விளக்கடியில் காட்டிவிட்டு, கையால் பொத்திப் பாருங்கள்.

பதில் 3
என் வெள்ளை டயலை மின் அடுப்பில் (ஓவனில்) வைத்துப் பழுக்கவைக்கலாமா?

பதில் 2 எழுதியவர்
வேண்டாம். பின்மூடியைத் திறந்தாலே ரப்பர் வளையத்தை மாற்றி, அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். டயல் அரக்கு கொப்புளித்துவிட்டால் என்னிடமும் மருந்து கிடையாது.