பெல்ட் தறி அடித்து அடித்து நிற்கிறது: கோளாறு ஸ்வெல்லிலா, பெல்ட்டிலா?

ஊடைநூல் கேட்டது:

வணக்கம். ஒரே லைன் ஷாஃப்டில் (மோட்டார் சுற்றும் பொதுத் தண்டு) நான்கு நாடாத் தறி ஓட்டுகிறேன். நாடா என்பது குறுக்கு நூலான ஊடையைச் சுமந்து ஓடும் கட்டை. நான்கும் தட்டையான தோல் பெல்ட், தறியை ஓட்டும் ஃபாஸ்ட் புல்லி, தறியை ஓட்டாமல் சும்மா சுழலும் லூஸ் புல்லி வைத்த பழைய தறிகள். ஊடையைத் துணியோடு நெருக்கும் கம்பிச் சீப்பான அச்சு தன் சட்டத்தில் அசையாத ஃபாஸ்ட் ரீட் வகை. லைன் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 200 சுற்று. அதிலுள்ள டிரம் 8 அங்குலம், தறிப் புல்லி 10 அங்குலம். கணக்குப்படி நிமிடத்துக்கு 160 பிக் (நாடா ஒரு முறை குறுக்கே ஓடுவது ஒரு பிக்) வர வேண்டும்.

மூன்று தறிகளில் தொல்லை இல்லை. மூன்றாம் எண் தறி மட்டும் பத்து நாளாக என்னைப் படுத்துகிறது. காலையில் நன்றாக ஓடும். இரண்டு மணி நேரம் போனதும் 'டக்' என்று டேகர் (நாடா ஓரப் பெட்டிக்கு வராவிட்டால் தறியை நிறுத்தும் இரும்பு நாக்கு) அடித்து நிற்கும். கைப்பிடியைத் தள்ளினால் நாலு பிக் ஓடி மறுபடி அடிக்கும். மதிய இடைவேளை முடிந்து ஓட்டும்போதுதான் ரொம்ப மோசம்.

பெட்டிக்குள் நாடாவை அழுத்திப் பிடிக்கும் ஸ்வெல்லின் ஸ்பிரிங்கை முறுக்கிப் பார்த்தேன். நாடாவை அடித்து ஓட்டும் பிக்கிங் வாரைப் புதிதாகக் கட்டினேன். நாடாவையும் மாற்றினேன். லூஸ் புல்லிக்குத் தினமும் காலையில் தாராளமாக எண்ணெய் விடுகிறேன், அதில் குறை வைப்பதில்லை. இன்னொன்று, கைப்பிடியை இழுத்து நிறுத்தினாலும் மூன்று நான்கு பிக் ஓடித்தான் நிற்கிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா தெரியவில்லை. பழகியவர்கள் சொல்லுங்கள்.

பாவோட்டி எழுதியது:

எனக்கும் இதேபோல வந்தது. ஸ்வெல்தான். ஸ்பிரிங்கை இன்னும் அரைச் சுற்று முறுக்குங்கள். அவசர ஆர்டர் என்றால் டேகரைக் கம்பியால் மேலே தூக்கிக் கட்டி, அந்த ஒரு பாவை (தறியில் ஏற்றிய நீளவாட்டு நூலை) மட்டும் ஓட்டி முடித்துவிடலாம். பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஃபிட்டர் எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று. டேகரைக் கட்டவே கட்டாதீர்கள். பாவோட்டி நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் ஒரு பட்டறையில் இப்படித்தான் ஒரு மெல்லிய கம்பியால் டேகரைக் கட்டி ஓட்டினார்கள். முழுதாக ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை. நாடா பாவுக்குள் பாதி வழியில் நிற்க, அச்சைத் தாங்கி முன்னும் பின்னும் ஆடும் ஸ்லே முன்னால் வந்து அடித்துவிட்டது. முந்நூற்றுச் சொச்சம் இழை ஒரே அடியில் போயிற்று. நாடாவின் முனை பிளந்து, அச்சில் இரண்டு விரல் அகலத்துக்குக் கம்பிகள் வளைந்து கிடந்தன. அறுந்ததைப் பிணைத்து விழுதில் (இழைகளை ஏற்றி இறக்கும் கண்ணிகளில்) கோத்து அச்சில் இழுக்க அன்றைய ஷிப்டும் போதவில்லை, மறுநாளும் உட்கார்ந்தோம். டேகர் அடிக்கிறது என்றால் நாடா நேரத்துக்குப் பெட்டிக்கு வரவில்லை என்று தறி சொல்கிறது. சொல்கிற வாயைக் கட்டி என்ன பயன்?

எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். நாடா பெட்டிக்குள் புகுந்ததும் ஸ்வெல்லை வெளியே தள்ளுகிறது. ஸ்வெல் தன் விரலைத் தள்ள, அது ஸ்டாப் ராடைச் சற்றுத் திருப்ப, அதிலிருக்கும் டேகர் மேலே தூக்கிக்கொள்கிறது. ஸ்லே முன்னால் வரும்போது டேகர், தறிச் சட்டத்திலுள்ள ஃபிராக் என்ற இரும்புத் தடையின் மேலாக நழுவிப் போய்விடும். நாடா வர ஒரு கணம் தாமதித்தாலும் டேகர் தாழ்ந்தே இருக்கும், நேராகப் போய் ஃபிராக்கில் முட்டும். ஃபிராக் கொஞ்சம் முன்னே நகர்ந்து கைப்பிடியைத் தட்டிவிடும், பிரேக்கும் விழும், பெல்ட் லூஸ் புல்லிக்குப் போகும். தறியின் கிராங்க் ஷாஃப்ட் சுழலும் கோணக் கணக்கில் சொன்னால், ஸ்லே முன்னால் துணியைத் தொடும் இடம் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால், நாடா சுமார் 110 பாகையில் பாவுத் திறப்புக்குள் நுழைந்து 240 பாகை வாக்கில் வெளியேற வேண்டும். தாமதிக்க அவ்வளவு இடம்தான் இருக்கிறது.

இனி உங்கள் தறி. நீங்கள் எழுதியதிலேயே மூன்று துப்பு இருக்கிறது.

நான்கில் ஒன்றுதான் கெட்டிருக்கிறது. ஆகவே மோட்டாரும் லைன் ஷாஃப்டும் குற்றமற்றவை. கோளாறு மூன்றாம் தறியின் டிரம்மிலிருந்து இந்தப் பக்கம்தான்.

காலையில் நன்றாக ஓடுகிறது, சூடேறியதும் கெடுகிறது. தேய்ந்த பிக்கர் (நாடாவைத் தட்டும் துண்டு), தளர்ந்த வார் என்றால் காலையிலேயே காட்டிக்கொடுத்திருக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: இடைவேளைக்குப் பிறகு மோசம். இடைவேளையில் தறி நிற்கிறது, ஆனால் லைன் ஷாஃப்ட் நிற்பதில்லை என்று நினைக்கிறேன். அப்படியானால் அந்த நேரம் முழுக்க பெல்ட் லூஸ் புல்லிமேல் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் தாராளமாக விட்ட எண்ணெய் சூட்டில் இளகி, புல்லியின் நடுத் துளையிலுள்ள புஷ் ஓரமாகக் கசிந்து, சுழலும் வேகத்தில் புல்லி விளிம்புக்கு ஏறி பெல்ட்டின் உள்பக்கத்தில் படியும். பிறகு கைப்பிடியைத் தள்ளியதும் அதே பெல்ட் ஃபாஸ்ட் புல்லிக்கு வந்து வழுக்கும். அடித்து நிற்கும். நின்றால் மறுபடி லூஸ் புல்லி, மறுபடி எண்ணெய். ஒரு தறி நிற்க நிற்க இன்னும் அதிகமாக நிற்பது இப்படித்தான்.

பெல்ட் வழுக்கினால் தறி மெதுவாகத்தானே ஓடும், மெதுவாக ஓடினால் நாடாவுக்கும் கூடுதல் நேரம் கிடைக்குமே என்று கேட்கலாம். ஒரே சீராக மெதுவாக ஓடினால் பெரிய பாதகமில்லை. இங்கே அப்படி நடப்பதில்லை. ஒரு சுற்றில் தறி அதிகமாகச் சக்தியை இழுப்பது நாடாவை அடிக்கும் அந்தக் கணத்தில். சரியாக அங்கேதான் பெல்ட் வழுக்கும். அடி மந்தமாக விழும். அடி முடிந்து பாரம் குறைந்ததும் பெல்ட் மறுபடி பிடித்துக்கொண்டு ஸ்லேயை வேகமாக முன்னால் இழுக்கும். நாடா மெதுவாக, ஸ்லே வேகமாக. அடிக்காமல் என்ன செய்யும்?

தறி அடித்து நின்றதும் நாடா எந்தப் பெட்டிக்கு அருகே நிற்கிறது என்று பாருங்கள். எப்போதும் ஒரே பக்கம் என்றால் அது அந்தப் பக்கத்து ஸ்வெல், அல்லது எதிர்ப்பக்கத்து அடி. இரண்டு பக்கமும் மாறி மாறி என்றால் ஓட்டத்தில் கோளாறு, ஸ்வெல்லைத் தொட வேண்டாம்.

அதோடு பிக்கை எண்ணுங்கள். கவுண்டரை வைத்து காலையில் ஐந்து நிமிடம், கெட்ட பிறகு ஐந்து நிமிடம். 160 என்பது காகிதக் கணக்கு, பெல்ட்டில் சிறிது இழப்பு எப்போதும் உண்டு. 156, 157 வந்தால் நல்ல பெல்ட் என்பேன். 150க்குக் கீழே போனால் வழுக்குகிறது.

மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எல்லாம் நின்றபிறகு பெல்ட்டின் உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். ஓடும்போது கை வைக்காதீர்கள். நல்ல தோல் பெல்ட்டில் விரல் நழுவாமல் லேசாகப் பிடிக்கும். எண்ணெய் குடித்தது கறுத்து, கண்ணாடி போலப் பளபளக்கும், விரல் நழுவும்.

மூன்று நான்கு பிக் தாண்டி நிற்பதும் இதே கதையாக இருக்கலாம். பல தறிகளில் பிரேக் சக்கரம் புல்லிக்குப் பக்கத்திலேயே இருக்கும். தெறித்த எண்ணெய் பிரேக் தோலில் இறங்கியிருந்தால் அது பிடிக்காது. அதைக் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் வெஃப்ட் ஃபோர்க்கும் அந்தப் பிரேக்கை நம்பித்தான் இருக்கிறது. ஊடை அறுந்ததை ஃபோர்க் சரியாகக் கண்டுபிடித்துக் கைப்பிடியைத் தட்டினாலும், தறி ஊடையில்லாமல் நாலு பிக் ஓடினால் துணியில் கீறல் விழுந்ததுதான்.

ஊடைநூல் எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்னபடியே எண்ணினேன். காலையில் ஐந்து நிமிடத்துக்கு 784 பிக். பதினொரு மணிக்கு மேல் 738. நிமிடத்துக்கு 157 இருந்தது 148 ஆகக் குறைந்திருக்கிறது. நாடா இரண்டு பக்கமும் மாறி மாறித்தான் நிற்கிறது. இத்தனை நாளும் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

மெயினை அணைத்துவிட்டுப் பெல்ட்டைத் தடவினேன். லூஸ் புல்லிப் பக்கத்து ஓரம் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுத்துப் பளபளவென்று இருக்கிறது. மறு ஓரம் பழுப்பாக, காய்ந்து இருக்கிறது. நடுவில் கோடு போட்டது மாதிரி வித்தியாசம் தெரிகிறது. பிரேக் தோலை நகத்தால் சுரண்டினால் எண்ணெய் பிசுக்கு வருகிறது.

இனி என்ன செய்வது? ரோசின் (மரப்பிசின்) பொடி தூவினால் பிடிக்கும் என்கிறார்கள். லூஸ் புல்லிக்கு எண்ணெயே விடாமல் விட்டுவிடட்டுமா?

பழைய ஃபிட்டர் எழுதியது:

இரண்டும் வேண்டாம் தம்பி.

ரோசின் அன்றைக்குப் பிடிக்கும். நாலைந்து நாளில் எண்ணெயோடு குழைந்து பிசின் மாதிரி படிந்து, காய்ந்ததும் முன்பைவிட வழவழப்பாகிவிடும். எண்ணெய் விடாமல் இருப்பது அதைவிட ஆபத்து. புஷ் காய்ந்து ஷாஃப்டைக் கவ்விப் பிடித்தால் லூஸ் புல்லியும் ஃபாஸ்ட் புல்லி ஆகிவிடும். கைப்பிடியை இழுத்த பிறகும் தறி இழுபடும். அறுந்த இழையைக் கட்ட ஒருவர் கையை உள்ளே விட்டிருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெல்ட்டைக் கழற்றி, மண்ணெண்ணெயில் நனைத்துப் பிழிந்த துணியால் உள்பக்கத்தைத் துடையுங்கள். ஊற வைக்காதீர்கள். பிறகு சாக்பீஸ் பொடியைக் கனமாகத் தூவி ஓரிரவு விட்டால் தோல் குடித்த எண்ணெயைப் பொடி இழுத்துக்கொள்ளும். காலையில் தட்டித் துடைத்துவிட்டு இன்னொரு முறை தூவுங்கள். மறுபடி மாட்டும்போது முடிப்பக்கம் (தோலில் முடி இருந்த பக்கம்) வெளியேயும் சதைப்பக்கம் புல்லிமேலேயும் போட்டுவிடாதீர்கள். வழவழப்பான முடிப்பக்கம்தான் புல்லியைத் தொட வேண்டும், பிடிப்பு அதில்தான் அதிகம். பலர் தலைகீழாக நினைக்கிறார்கள்.

லூஸ் புல்லியைக் கழற்றிப் புஷ்ஷைப் பாருங்கள். கையால் ஆட்டினால் லொடலொடவென்று ஆடுகிறதா? ஆடினால் புது புஷ் போடுங்கள், அதைத் தள்ளிப் போட வேண்டாம். தேய்ந்த புஷ்ஷில் எண்ணெய் நிற்கவே நிற்காது. புது புஷ் போட்டபின் காலையில் சில சொட்டு போதும், வழிகிற அளவுக்கு வேண்டாம். பிரேக் தோலை மாற்றிவிடுங்கள், எண்ணெய் ஊறியதைக் காப்பாற்ற முடியாது.

முறுக்கி வைத்த ஸ்வெல் ஸ்பிரிங்கைப் பழைய நிலைக்குத் தளர்த்துங்கள். இறுக்கமான ஸ்வெல் நாடாவை நிறுத்தும், ஆனால் அடுத்த அடியில் அதே நாடாவைப் பெட்டியிலிருந்து கிளப்பக் கூடுதல் சக்தி வேண்டும். வழுக்கும் பெல்ட்டுக்கு நீங்கள் பாரம் ஏற்றித்தான் வைத்திருக்கிறீர்கள்.

பெல்ட்டை ஒரு புல்லியிலிருந்து மற்றதற்குத் தள்ளும் பெல்ட் ஃபோர்க்கையும் ஒரு பார்வை பாருங்கள். பெல்ட் தறிப் புல்லிக்குள் நுழையும் பக்கத்தில்தான் அது தள்ள வேண்டும், வெளியேறும் பக்கத்தில் தள்ளினால் பெல்ட் நகராது. கைப்பிடி 'ஆன்' நிலையில் இருக்கும்போது பெல்ட் முழு அகலமும் ஃபாஸ்ட் புல்லியில் இருக்கிறதா பாருங்கள். ஒரு விரல் லூஸ் புல்லியில் தொங்கினால் அந்த அளவுக்கு இழுவை போச்சு. உங்கள் பெல்ட்டின் நடுவில் கோடு போட்டதுபோல் வித்தியாசம் என்று படித்ததும் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

தார்க்குச்சி எழுதியது:

படிக்கப் படிக்க ஒன்று தோன்றியது. 1785-ல் எட்மண்ட் கார்ட்ரைட் விசைத்தறிக்கு முதல் காப்புரிமை வாங்கினார். ஆனால் நம்பி ஓட்டக்கூடிய தறி வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1840களின் தொடக்கத்தில் லங்காஷயரில் கென்வொர்த்தியும் புல்லோவும் ஊடை அறுந்தால் தானே நிற்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்த பிறகுதான் ஒரே ஆள் இன்னும் அதிகத் தறிகளைப் பார்த்துக்கொள்வது எளிதாயிற்று. ஓட வைப்பதைவிடச் சரியான நேரத்தில் நிற்க வைப்பதுதான் கடினமாக இருந்திருக்கிறது.

என்னிடம் இருப்பது வி-பெல்ட்டும் கிளட்ச்சும் வைத்த தறி. அதிலும் இதே வழுக்கல் வந்தது. பெல்ட் தேய்ந்து பள்ளத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. வி-பெல்ட் இரண்டு பக்கச் சுவரிலும்தான் பிடிக்க வேண்டும், அடியில் உட்கார்ந்தால் வழுக்கும். வி-பெல்ட் வைத்திருப்பவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.

ஊடைநூல் எழுதியது:

நாலு நாள் கழித்து எழுதுகிறேன். புஷ் ஒரு பக்கமாக முட்டை வடிவில் தேய்ந்திருந்தது. புதிது போட்டாயிற்று. பெல்ட்டுக்கு இரண்டு இரவு சாக்பீஸ் பொடி, பிரேக்குக்குப் புதுத் தோல். அண்ணா சந்தேகப்பட்டது சரி: பெல்ட் ஃபோர்க்கின் போல்ட் தளர்ந்து, பெல்ட்டில் முக்கால் அங்குலம் லூஸ் புல்லி மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் தறி ஓடும்போதுகூட அந்த ஓரம் எண்ணெய் வாங்கியிருக்கிறது.

நேற்று மதியம் இடைவேளை முடிந்து ஓட்டினேன். முதல் தள்ளலிலேயே எடுத்தது. ஐந்து நிமிடத்துக்கு 782. மாலை வரை இரண்டே முறைதான் அடித்தது, இரண்டும் ஓட ஆரம்பித்த முதல் பிக்கில். ஊடையை வேண்டுமென்றே அறுத்துப் பார்த்தேன், வெஃப்ட் ஃபோர்க் தட்டிய அதே சுற்றில் நின்றது.

பாவோட்டி அண்ணாவுக்கும் நன்றி, டேகரைக் கட்டாமல் விட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பழைய ஃபிட்டர் எழுதியது:

ரொம்ப சந்தோஷம் தம்பி. முதல் பிக்கில் அடிப்பது தறியின் குற்றமல்ல. தறி முழு வேகம் எடுக்குமுன் அடி வந்துவிடுகிறது. ஓட்டுவதற்குமுன் சக்கரத்தைக் கையால் திருப்பி, ஒரு அடி இப்போதுதான் முடிந்தது என்ற இடத்தில் ஸ்லேயை வையுங்கள். அடுத்த அடிக்குள் கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று கிடைக்கும். கைப்பிடியை மெல்ல மெல்லத் தள்ளாமல் ஒரே வீச்சில் தள்ளுங்கள். பாதித் தள்ளலில் பெல்ட் இரண்டு புல்லிக்கும் நடுவில் தேய்ந்துகொண்டே நிற்கும்.

அந்தப் பெல்ட் ஃபோர்க் போல்ட்டுக்கு ஸ்பிரிங் வாஷர் போட்டீர்களா?