விதைக்கிறவன் உவமை: வரப்பில் விதை விழுமா, விழாதா?

கடைமடைக்காரன்:
மாற்கு நற்செய்தி 4ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமை இது: ஒருவன் விதைக்கிறான்; சில விதை வழியில் விழுந்து பறவைக்கு இரையாகிறது, சில பாறை நிலத்தில் தீய்கிறது, சில முள்ளில் நெருக்குண்கிறது, நல்ல நிலத்தில் விழுந்தது முப்பதும் அறுபதும் நூறுமாகப் பலன் தருகிறது. இந்த விதைக்கிறவன் உவமையைப் பற்றிப் பக்கத்து இழையில் பொறையார் வாசகன் எழுதியிருப்பது இது: "எந்த விவசாயியும் வழியிலும் பாறையிலும் முள்ளிலும் விதையை வீசமாட்டான். ஆகவே இது வயலைப் பார்த்துச் சொன்ன கதை அல்ல, கேட்பவர்களை நாலு வகையாகப் பிரிக்கப் பிற்காலத் திருச்சபை கட்டிய உருவகம்."

படித்ததும் வயிறு எரிந்தது. இவர் என்றைக்காவது விதைக் கூடையை இடுப்பில் இடுக்கியதுண்டா?

ஆவணியில் எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் வந்து பார்க்கட்டும். மேட்டூரை ஜூன் 12ஆம் தேதியே திறந்தாலும் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் எப்போது எட்டும் என்பது நிச்சயமில்லை. அதனால் நாற்றங்காலை நம்பாமல், காய்ந்த மண்ணிலேயே விதைக்கும் புழுதி விதைப்பில் இறங்குகிறோம். விதைக்கிறவர் நடையை நிறுத்தாமல் கை நிறைய அள்ளி விசிறிக்கொண்டே போவார். வயல் ஓரத்தில் வீச்சைக் குறைத்தால் ஓரம் சொட்டையாகிவிடும். குறைக்காவிட்டால் ஒரு பிடி வரப்பில் விழும். நாங்கள் குறைப்பதில்லை. அவர் திரும்பி நடப்பதற்குள் மைனாவும் புறாவும் வரப்பில் வரிசை கட்டிவிடும். மாற்கு எழுதியிருப்பது இதைத்தான். வரப்பில் விதை விழும். விழாது என்பவர் வயலைப் பார்க்காதவர்.

பொறையார் வாசகன்:
ஐயா, கோபத்தில் என் வாதத்தின் பாதியை விழுங்கிவிட்டீர்கள். 13 முதல் 20 வரையுள்ள வசனங்களில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பொருள் கொடுக்கும் விளக்கம் வருகிறது. அது இயேசுவின் வாக்கு அல்ல, ஆதிச் சபையின் போதனை என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. உவமைக்கு மையக் கருத்து ஒன்றுதான், உறுப்புக்கு உறுப்பு பொருள் ஒட்டக்கூடாது என்று ஜெர்மன் ஆய்வாளர் யூலிஷர் 19ஆம் நூற்றாண்டிலேயே வாதிட்டார். 1945இல் எகிப்தின் நாக் அம்மாதியில் கிடைத்த, பைபிளில் சேராத தோமா நற்செய்தியிலும் இந்த உவமை இருக்கிறது, விளக்கம் இல்லை. இதற்கெல்லாம் பதில் சொல்லாமல் மைனாவைக் கூட்டிவருகிறீர்கள். கலிலேயாவில் விளைந்தது கோதுமையும் வாற்கோதுமையும். உங்கள் வரப்பு அங்கே இல்லை.

கடைமடைக்காரன்:
தோமாவில் விதை வழியில் விழுகிறதா, இல்லையா? விழுகிறது. பறவைகள் பொறுக்குகின்றன. மத்தேயு 13இல்? விழுகிறது. லூக்கா 8இல் விழுவது மட்டுமல்ல, மிதிபடவும் செய்கிறது. நாலு பேரும் ஒரே குரலில் சொல்வதைப் பொறையாரில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் மறுக்கிறார். வரப்பு இல்லாவிட்டால் ஒற்றையடிப் பாதை இருந்திருக்காதா? கோதுமையை மட்டும் கலிலேயர்கள் ஒவ்வொரு மணியாக எண்ணியா ஊன்றினார்கள்?

மாதாகோவில் தெரு:
நீங்கள் இருவருமே உவமையை வயலிலேயே விட்டுவிட்டீர்கள். ஆண்டவர் வேளாண்மைப் பாடம் நடத்த வரவில்லை. திருச்சபைத் தந்தையர் இதை எப்படித் தியானித்தார்கள் என்று கொஞ்சம் பாருங்கள். முப்பது, அறுபது, நூறு என்ற பலன்களைப் புனித எரோணிமுஸ் முறையே திருமணமானவர்கள், கைம்பெண்கள், கன்னியர் என்று விளக்கினார். புனித அகுஸ்தினார் நூறை மறைசாட்சிகளுக்குக் கொடுத்தார். இத்தனை நூற்றாண்டுகளாகச் செபித்து வாசித்தவர்களை ஒதுக்கிவிட்டு, நேற்று வந்த ஆய்வாளரின் பின்னால் ஓடுவது என்ன நியாயம்?

கடைமடைக்காரன்:
அம்மா, தங்கள் பக்தியை மதிக்கிறேன். ஆனால் பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, மாமியாரையும் கடைசிவரை பார்த்துக்கொண்ட என் மனைவிக்கு முப்பதுதானா? இந்தக் கணக்கை எந்தக் களத்துமேட்டில் அளந்தார்கள்? நான் அளந்த கணக்கு இது: ஏக்கருக்கு 30 கிலோ விதைக்கிறோம். 60 கிலோ மூட்டையில் 30 மூட்டை கண்டால் 1,800 கிலோ. ஒன்றுக்கு அறுபது. அது அறுபதாகவே இருக்கட்டும், கைம்பெண்களை அதற்குள் இழுக்க வேண்டாம். கேள்வியும் மாறவேண்டாம். வரப்பில் விதை விழுமா, விழாதா?

அரசலாற்றங்கரை:
நான் கிறிஸ்தவன் அல்லன், நெல் கணக்குக்காக மட்டும் வருகிறேன். ஒற்றை நாற்று நடவில் ஏக்கருக்கு 2, 3 கிலோ விதை போதும். அதே 30 மூட்டை கண்டால் 3 கிலோவுக்கே அறுநூறு மடங்கு. உங்கள் உவமையின் உச்சமான நூறு எங்களுக்கு நஷ்டக் கணக்கு. எங்கள் நடவு வயலில் ஒரு மணிகூட வரப்புக்குப் போவதில்லை.

கடைமடைக்காரன்:
வந்துவிட்டார் தலைமடைக்காரர்! வாய்க்காலில் தண்ணீர் புரளும் ஊரில் இருந்துகொண்டு அறுநூறு என்ன, ஆயிரமும் பேசலாம். மிச்சத் தண்ணீருக்காக வானத்தையும் மதகையும் மாறிமாறிப் பார்க்கிறவனுக்குத்தான் இந்த உவமை விளங்கும். நடவு வேறு, விதைப்பு வேறு. உவமையில் நாற்றுப் பறித்தவர் யாரும் இல்லை.

அரசலாற்றங்கரை:
எங்களுக்குத் தண்ணீர் புரள்கிறது என்று யார் சொன்னது? ஒருமுறை அரசலாற்றை வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பொறையார் வாசகன்:
நூறு என்பது அங்கே பெரிய விளைச்சல்தான். ஆதியாகமம் 26:12இல் ஈசாக்கு நூறு மடங்கு அறுத்ததைக் கர்த்தரின் ஆசீர்வாதம் என்றே சொல்கிறது. வழியில் விழுந்த விதையைப் பற்றியும் படித்துவிட்டுப் பேசலாம். பாலஸ்தீனத்தில் முதலில் விதைத்துவிட்டுப் பிறகுதான் உழுவார்கள், பாதையும் சேர்த்து உழப்படும் என்பதால்தான் அதன்மேல் விதை வீசப்பட்டது என்று ஜெர்மன் ஆய்வாளர் எரேமியாஸ் விளக்கினார். ஓய்வுநாளில் விலக்கப்பட்ட 39 வேலைகளை யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா பட்டியலிடும்போதும் விதைப்புக்கு அடுத்துத்தான் உழவு வருகிறது.

கடைமடைக்காரன்:
அனைவரும் கவனியுங்கள். "எந்த விவசாயியும் வழியில் விதையை வீசமாட்டான்" என்று எழுதியவர், வழியின்மேல் ஏன் வீசினார்கள் என்பதற்கு இப்போது ஆதாரம் காட்டுகிறார்! அந்த ஆதாரமாவது நிற்கிறதா? ஏசாயா 28:24-25 உழுது, நிரவி, அதற்குப் பிறகு விதைப்பதைச் சொல்கிறது. முள்ளுக்குள் விதைக்காதீர்கள், தரிசை உழுங்கள் என்று எரேமியா 4:3 சொல்கிறது. நான் சொல்வது தீர்க்கதரிசி எரேமியா, உங்கள் எரேமியாஸ் அல்ல. நாங்களும் உழுதுதான் விதைக்கிறோம், விதைத்த பிறகு மேலோட்டமாக இன்னொரு சால் ஓட்டி மூடுகிறோம். இரண்டு உழவும் உண்டு. பட்டியலில் எது முதலில் வருகிறது என்று பார்த்து எவனும் ஏர் பூட்டுவதில்லை.

பொறையார் வாசகன்:
நான் எரேமியாஸின் கருத்தை எடுத்துக்காட்டினேன், ஏற்கிறேன் என்று எங்கே சொன்னேன்? அவரை மறுத்தவர்களும் உண்டு. என் கேள்வி 13 முதல் 20 வரையுள்ள விளக்கம் யாருடையது என்பது. அதற்கு இன்னும் ஒரு வரி பதில் வரவில்லை.

மாதாகோவில் தெரு:
ஜெர்மன் பேராசிரியர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவது 1706இல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கிய நாளிலிருந்து உங்களுக்குப் பழக்கம்.

பொறையார் வாசகன்:
அந்தச் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, அது 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. தமிழன் தன் கையில் சுவிசேஷத்தை எடுத்துப் படிக்க முடிந்தது அதனால்தான்.

மாதாகோவில் தெரு:
1578இல் கொல்லத்தில் சேசு சபையார் தமிழை அச்சேற்றிவிட்டார்கள். அப்போது உங்கள் சபை இந்தக் கரையையே பார்த்திருக்கவில்லை.

பொறையார் வாசகன்:
அது 16 பக்க மறைக்கல்விச் சிறுநூல். சுவிசேஷம் எங்கே?

கடைமடைக்காரன்:
அச்சுக்கூடச் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கம் யாருடையது என்று கேட்டவருக்குப் பதில்: இயேசு சொன்னதாக மாற்கு எழுதியிருக்கிறார், எனக்கு அது போதும். ஆனால் என் கேள்வி அதற்கு முந்தியது. இந்த உவமையைச் சொன்னவர் விதைப்பைக் கண்ணால் பார்த்தவர். பாறை நிலத்தில் மண் ஆழமில்லாததால் சீக்கிரம் முளைத்து, வெயில் ஏறியதும் தீய்ந்துபோகிறது என்று மாற்கு 4:5-6இல் இருக்கிறதே, உபதேச மேடையில் உட்கார்ந்து உருவகம் கட்டுகிறவனுக்கு அது எங்கிருந்து தெரியும்? கதை முழுக்க உழைப்பவனின் கண் இருக்கிறது. அதைப் பிடுங்கிச் சபையின் தலையில் கட்டுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வரப்பில் விதை விழும்.

பொறையார் வாசகன்:
ஆதிச் சபையில் விவசாயிகளே இல்லையா? சென்ற முறை அத்திமர விவாதத்திலும் இதே பிடிவாதம்தான் பிடித்தீர்கள். இயேசு சபித்த அத்திமரம் பட்டுப்போனதை மறுநாள் காலையில் கண்டார்கள் என்கிறார் மாற்கு, உடனே பட்டுப்போயிற்று என்கிறார் மத்தேயு. எது சரி என்றதற்கு இன்றுவரை பதில் இல்லை.

கடைமடைக்காரன்:
அன்றைக்கு என்னை "படிக்காதவர்" என்று எழுதிவிட்டுப் பிறகு அழித்தவர் யார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அத்திமரத்துக்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். அதற்கு முன்பு இங்கே ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள்: விழுமா, விழாதா?