மாவுப்புழு வண்டு: குரோமோசோம் 19-ஆ, 20-ஆ?

நுண்நோக்கி:
மாவுப்புழு வண்டின் (டெனிப்ரியோ மோலிட்டர்) ஆண் கூட்டுப்புழுவின் விந்தகத்தை நசுக்கி, ஜீம்சா சாயமிட்டுப் பார்க்கிறேன். பாடநூல் 20 குரோமோசோம்கள் என்கிறது. எனக்குத் தெளிவாகத் தெரிபவை 19. கூடவே ஒரு பொட்டு. அது சாயத் துகள் என்கிறார் உடன் படிப்பவர். அப்படியானால் மின்மினிகள் பலவற்றைப் போல இந்த ஆணுக்கும் பாலினக் குரோமோசோம்களில் எக்ஸ் மட்டும்தானா, ஒய் கிடையாதா? மியாசிஸ் (விந்தணு உருவாகும்போது குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல் பிரிவு) முதல் பிரிவில் 9 இணைகள் ஒழுங்காக நிற்கின்றன. பத்தாவது மட்டும் கோணல்மாணலாக இருக்கிறது.

வண்டுப்பித்தன்:
அந்தப் பொட்டுதான் ஒய்! 1905-இல் அமெரிக்க உயிரியலாளர் நெட்டி ஸ்டீவன்ஸ் வெளியிட்டதும் இதே வண்டின் இதே காட்சியைத்தான்: பெண்ணில் இருபதும் பெரியவை, ஆணில் 19 பெரியவை, ஒன்று மிகச் சிறியது.

கோணலான பத்தாவது, எக்ஸும் ஒய்யும் சேர்ந்தது. மற்ற இணைகளைப் பிடித்து வைப்பது குறுக்கேற்றம், அதாவது இணைக் குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வது. இவை இரண்டும் அது இல்லாமலே ஒட்டிக்கொள்கின்றன. விரிந்த எக்ஸின் கீழே ஒய் தொங்குவதால் இதற்குப் பாராசூட் என்றே பெயர். கட்டைவிரலால் அதிகம் அழுத்தினால் ஒய் தனியே சிதறிவிடும், கவனம்.

சந்தேகம் தீர, இரண்டாம் பிரிவில் எண்ணுங்கள். எக்ஸ் மட்டும் என்றால் பாதி செல்களில் 9, மீதியில் 10 வரும். ஒய் உண்டென்றால் எல்லாவற்றிலும் 10. அவற்றில் பாதியில் பொட்டு.

நுண்நோக்கி:
நன்றாகப் பரவிய செல்கள் எல்லாவற்றிலும் 10. ஏறக்குறைய பாதியில் பொட்டு. நன்றி. இன்னொரு தலைவலி: பக்கத்து ஜாடியில் இருக்கும் சிறிய டிரைபோலியம் என்ற மாவு வண்டில் 9 இணைகள்தான். பொட்டும் இல்லை, பாராசூட்டும் இல்லை. சீட்டில் காஸ்டேனியம் என்று எழுதியிருக்கிறது.

பழைய பூச்சிக்காரர்:
சீட்டை நம்பாதீர்கள் தம்பி. டிரைபோலியத்தில் காஸ்டேனியம், கன்ஃபூசம் என்ற இரண்டு இனங்களும் கலந்துபோகாத ஆய்வகம் அபூர்வம். உணர்கொம்பைப் பாருங்கள். நுனியில் மூன்று கணுக்கள் திடீரெனப் பருத்திருந்தால் காஸ்டேனியம். படிப்படியாகத் தடித்துக்கொண்டே போனால் கன்ஃபூசம். முன்னதற்கு 20 குரோமோசோம்கள், பின்னதற்கு 18. கன்ஃபூசத்தில் பாலினக் குரோமோசோம் ஒரு சாதாரண குரோமோசோமுடன் இணைந்துவிட்டது. அதனால்தான் பொட்டைக் காணவில்லை.

நுண்நோக்கி:
படிப்படியாகத்தான் தடிக்கிறது, ஐயா. மனிதனில் இருப்பதுபோல 'ஒய் இருந்தால் ஆண்' என்று குறிப்பேட்டில் எழுதிவிடலாமா?

வண்டுப்பித்தன்:
அவசரப்படாதீர்கள். ஆணிடம் ஒய் இருக்கிறது என்பது வேறு, ஒய்தான் ஆணாக்குகிறது என்பது வேறு. ஒய்யே இல்லாத மின்மினி ஆண்களை நீங்களே சொன்னீர்கள். காஸ்டேனியத்தில் தாய், டிரான்ஸ்ஃபார்மர் மரபணுவின் ஆர்என்ஏவை முட்டையில் வைத்து அனுப்புகிறாள். பெண் கருவில் அந்த மரபணு தன்னைத் தானே தொடர்ந்து இயக்கிக்கொள்கிறது. அந்தச் சுழற்சி அறுந்தால் ஆண். ஆர்என்ஏ குறுக்கீட்டால் (ஒரு மரபணுவின் ஆர்என்ஏவை அழித்து அதைச் செயலிழக்கச் செய்யும் முறை) தாயிடமே அதை அடக்கிவிட்டால் பிறப்பதெல்லாம் ஆண்தான்.

காபிக்காய் துளைப்பான் வண்டு இன்னும் விசித்திரம். அதன் ஆணுக்குத் தந்தை தந்த குரோமோசோம் தொகுதி முழுவதும் சுருண்டு செயலற்றுக் கிடக்கிறது, விந்தணுவிலும் சேர்வதில்லை. உங்கள் குறிப்பேட்டில் டெனிப்ரியோவுக்கு '9 இணைகள் + பாராசூட் எக்ஸ்ஒய்' என்று மட்டும் எழுதுங்கள். சிலைடு காட்டுவது அவ்வளவுதான்.