கில்கிரீஸ் சேர்த்த மேற்கு: வாசலில் எதை வைப்பது?

செம்மண்:
அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், டல்ஸா நகரில் கில்கிரீஸ் ஓவிய அருங்காட்சியகத்தை 2021-ல் மூடிவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். திறக்கும்போது வாசலில் கௌபாய் சிலைகளை வைக்கக் கூடாது என்பது என் கருத்து. அதை உருவாக்கிய தாமஸ் கில்கிரீஸ் தாய்வழியில் மஸ்கோகி க்ரீக் பழங்குடி. அந்த இனத்தின் பொதுநிலத்தை அரசு கூறுபோட்டபோது, சிறுவனான அவர் பங்குக்கு வந்தது 160 ஏக்கர். 1905-ல் அந்தப் பக்கம் எண்ணெய் கிடைத்தது. ஓவியம் வாங்கிய பணம் அதுதான். அதே மாதிரி பங்கு பெற்ற எத்தனையோ பேர் ஏமாற்றப்பட்டு நிலத்தை இழந்தார்கள். கண்காட்சி அந்த நிலப் பத்திரத்திலிருந்து தொடங்கட்டும்.

தூரிகை:
பத்திரத்தை வைக்கட்டும். ஆனால் வாசலிலேயே பாடம் எடுத்தால் படத்தை யார் நின்று பார்ப்பார்கள்? அந்த மனிதருக்கு, குடியேறிகள் பரவிக்கொண்டிருந்த அமெரிக்க மேற்கு எல்லைப்புறத்தின் மேல் தீராத பித்து. கடன் கழுத்தை நெரித்தபோது ஒவ்வொன்றாக விற்றிருக்கலாம். விற்கவில்லை. 1954-ல் டல்ஸா மக்கள் வாக்களித்து, 20 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து மொத்தத்தையும் ஊருக்கே வாங்கினார்கள். ஓவியர் தாமஸ் மோரன் 1871-ல் மேற்கிலுள்ள யெல்லோஸ்டோன் பகுதிக்குப் போய் வரைந்தவையும் சேர்ந்துதான் மறுவருடம் அதைத் தேசியப் பூங்காவாக்க நாடாளுமன்றத்துக்கு மனம் வரவைத்தன. அவருடைய படங்கள் இங்கே ஏராளம். அதை ரசிப்பது தப்பா?

செம்மண்:
ரசிக்கலாம் நண்பரே. யெல்லோஸ்டோனில் வாழ்ந்த டுகுடிகா ஷோஷோனி பழங்குடி மக்களைப் பூங்கா வந்தபின் அகற்றினார்கள். படத்துக்குக் கீழே அதை இரண்டு வரி எழுதினால் ஓவியம் குறைந்துவிடாது.

ஏரிக்கரை:
குறுக்கிடுகிறேன். சிற்பி ரெமிங்டன் செய்த, முரட்டுக் குதிரையை அடக்கும் கௌபாய் சிலையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். குதிரை பின்னங்கால் இரண்டில் எழும்பி நிற்கிறது. அவன் ஒரு கை பிடரியை இறுகப் பற்றியிருக்கிறது. வெளிவந்தது 1895-ல். எல்லைப்புறம் முடிந்துவிட்டது என்று 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பே சொல்லிவிட்டது. நியூயார்க்கில் உட்கார்ந்து, போய்விட்ட ஒன்றை நினைத்துச் செய்த சிலை அது. சரி, கில்கிரீஸ் 1940-களில் பொட்டவாட்டமி பழங்குடி ஓவியர் வுடி க்ரம்போவையும் அழைத்து வேலை கொடுத்தார். ரெமிங்டன், க்ரம்போ இருவர் படைப்புகளையும் வாசலில் அடுத்தடுத்து வைத்தால் என்ன?

தூரிகை:
இது சரியாகப் படுகிறது. பத்திரமும் அதே அறையிலேயே இருக்கட்டும். மோரனுக்கு மட்டும் நல்ல வெளிச்சமான தனி அறை வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

செம்மண்:
அந்த அறையில் என் இரண்டு வரியும் வேண்டும்.