நம்ம நாத்துப்பண்ணை (குடும்பக் குரூப் அரட்டை) – ஆடிச் சாரல், புதன்கிழமை

காலை 6:10
அண்ணன்: (படம்) குழித்தட்டு ட்ரேயில நிக்கிற மிளகா நாத்து. நேத்து சாயந்தரம் நல்லாத்தான் நின்னுச்சு. இப்பப் பாரு, ட்ரேக்கு ட்ரே சாஞ்சு கிடக்கு. பாப்பா, முழிச்சிருக்கியா?

நான்: இருக்கேண்ணே. படம் தூரத்துல இருக்கு. சாஞ்ச ஒரு நாத்தை உருவி உள்ளங்கையில வச்சு எடுத்து அனுப்பு. தண்டு அடிப்பக்கம் தெரியணும்.

சித்தப்பா: வெட்டுப்புழுவா இருக்கும். போன வருசம் பக்கத்துப் பண்ணையில அப்படித்தான் ஆச்சு.

அண்ணன்: (படம்)

நான்: புழு இல்ல சித்தப்பா. புழுவோ பாச்சையோ கடிச்சா தண்டு துண்டா அறுந்திருக்கும். இது அறுகல. மண்ணை ஒட்டுன இடத்துல தண்ணி கோத்த மாதிரி நிறம் மாறி, நூலாச் சுருங்கி, அதுக்கு மேல கனம் தாங்காம மடிஞ்சிருக்கு. இலை இன்னும் பச்சையாத்தான் இருக்கு பாருங்க. இது நாத்தழுகல்.

அப்பா: விதைக்கு விரிடி, அதான் அழுகலைத் தடுக்கிற நல்ல பூஞ்சைத் தூள், கலந்துதானே போட்டோம். கிலோவுக்கு 4 கிராம் கணக்கு. நானே நிழல்ல உலத்துனேன்.

நான்: ஆமாப்பா. எந்தப் பக்கம் ட்ரே சாஞ்சிருக்கு?

அம்மா: மேக்கால மட்டுந்தான். கிழக்குப் பக்கம் அதே விதை, அதே நாள் போட்டது, ஒண்ணும் ஆகல. நான் இப்பத்தான் ரெண்டு பக்கமும் நடந்து பாத்தேன்.

நான்: அம்மா, இதுதான் வேணும். விதை ஒண்ணு, ட்ரேயில போட்ட தேங்காய் நார்க்கழிவு ஒண்ணு, போட்ட கையும் ஒண்ணு. மேக்க இருந்து சாரல் அடிக்குது. வலைக்குள்ள தூவானம் விழுந்துக்கிட்டே இருக்கு, வெயில் இல்ல, ட்ரே காயவே இல்ல. பித்தியம்னு பூஞ்சை மாதிரி ஒரு கிருமி, அது தண்ணியிலயே நீந்தி ட்ரேயில பக்கத்துக் குழிக்குப் போகும். ஈரம் குறைஞ்சா அதால நகர முடியாது. மருந்தைவிட முதல்ல காத்துதான் வேணும்.

மதினி: நான் சொல்லிக்கிட்டே இருந்தேன், மேக்குப் பக்கம் ஒரு படுதா வேணும்னு. காத்து அடைபடும்னு கட்டாம விட்டாச்சு.

நான்: காத்து அடைபடாம கட்டலாம் மதினி. வலையோட ஒட்டிக் கட்டாதீங்க. ரெண்டு முழம் தள்ளிக் கம்பு ஊணி, இடுப்பு உயரத்துல இருந்து மேல கட்டுங்க. சாரல் படுதாவுல விழும், காத்து கீழ உள்ள போகும்.

அண்ணன்: இப்ப என்ன செய்ய? சொல்லு, இறங்குறேன்.

நான்: சாஞ்ச ட்ரேயை எல்லாம் வெளிய எடுத்துரு. நல்ல நாத்து நாலு நிக்குதேன்னு வச்சுக்காத. அந்த நார்க்கழிவைத் திரும்பக் கலவையில சேர்க்கவே கூடாது, தள்ளி ஒரு குழியில கொட்டி மூடு. ட்ரேயை ப்ளீச்சிங் பவுடர் தண்ணியில முக்கிக் கழுவிட்டுத்தான் அடுத்த விதைப்பு. பக்கத்துல நிக்கிற ட்ரேக்கு சிஓசி (காப்பர் ஆக்ஸிகுளோரைடு) தாமிரப் பவுடர் லிட்டருக்கு 2.5 கிராம், பூவாளியால வேர் நனைய ஊத்து. இலைக்கு இல்ல, அடிக்கு.

அப்பா: அதோட விரிடியும் சேத்து ஊத்தலாமா?

நான்: கூடாதுப்பா. தாமிரம் கெட்டது நல்லதுன்னு பாக்காது. விரிடியும் ஒரு பூஞ்சைதானே. ரெண்டு வாரம் விட்டு ஊத்துங்க. அதுவரைக்கும் சாயந்தரத் தண்ணி வேண்டாம். காலையில மட்டும், அதுவும் குழியில விரல் வச்சுப் பாத்துட்டு.

அம்மா: ராத்திரி முழுக்க ஈரத்தோட நிக்கக் கூடாது. கைப்பிள்ளையை ஈரத்துணியோட தூங்கப் போடுவமா?

காலை 8:35
சித்தப்பா: வடுகபட்டிக்காரர் போன் பண்ணாரு. தக்காளி நாத்து 4000 சொல்லியிருந்தாருல்ல, இன்னைக்கே வேணுமாம். மழை ஈரம் இருக்கு, நட்டுரலாம்ங்கிறாரு. நான் சரின்னு சொல்லட்டா?

அண்ணன்: அது போட்டு இன்னைக்கு 17 நாள்தானே சித்தப்பா.

சித்தப்பா: மூணாவது இலை வந்துருச்சே. நாம இல்லேன்னா வேற பண்ணையில வாங்கிருவாரு. வண்டியோட நிக்கிறாரு மனுசன்.

நான்: சித்தப்பா, ஒரு நாத்தை ட்ரேயில இருந்து உருவிப் பாருங்க. என்ன வருதுன்னு சொல்லுங்க.

சித்தப்பா: (படம்) பாதி நார்க்கழிவு குழியிலயே தங்கிருச்சு. வேர் தனியா வந்துருச்சு.

நான்: அதான் கணக்கு. இலை எத்தனைன்னு பாக்கிறதைவிட வேர் கட்டியைப் பிடிச்சிருக்கான்னு பாக்கணும். 25 நாள் ஆனா வேர் சுத்தி வந்து நார்க்கழிவைக் கட்டியாப் பிடிச்சிரும், உருவுனா முழுசா வரும், ஒரு வேர் அறுகாது. இப்பக் குடுத்தா 4000 நாத்தும் வேர் அறுந்துதான் அவர் காட்டுக்குப் போகும்.

மதினி: தண்டும் இன்னும் கண்ணாடி மாதிரி இருக்கு சித்தப்பா. நிழல்வலைக்குள்ள, வெயிலே இல்லாம நின்னது. ஆடிக் காத்து ஒரு நாள் அடிச்சாப் போதும்.

சித்தப்பா: வியாபாரமும் பாக்கணும்ல. நாத்து முத்திப் போனாலும் வாங்க மாட்டாங்க.

அப்பா: முத்தவும் விடக் கூடாது, அதுவும் உண்மை. 35 நாள் வச்சா அடியில வேர் சுருண்டு, நட்டதும் புடிக்காம நிக்கும். ஆனா இது அந்தக் கதை இல்ல. தம்பி, அவர் மூணு வருசமா நம்மகிட்ட வர்றாரு. ஏன் வர்றாரு? நட்ட நாத்துல போக்கு விழலேன்னு வர்றாரு. இன்னைக்கு நாலு காசுக்காகக் குடுத்து, அவர் காட்டுல பாதி படுத்துருச்சுன்னா, மழை மேலயோ காத்து மேலயோ நான் பழி போட மாட்டேன். நம்ம நாத்து அது. நான் பேசுறேன் அவர்கிட்ட.

நான்: அப்பா, பேசும்போது ஒண்ணு கேளுங்க. ஓரத்துக்கோ ஊடேயோ செண்டுமல்லி நடுறாரான்னு. ஆனி மாசம் போட்ட மஞ்சச் செண்டு, உயரமா வளர்ற ரகம், 40 நாள் தாண்டி நிக்குது நம்மகிட்ட. 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டு நட்டா, காய்ப்புழுவோட தாய்ப்பூச்சி தக்காளியை விட்டுட்டுச் செண்டுப்பூவுலதான் முட்டை வைக்க வரும். செண்டு 40 நாள் நாத்தும் தக்காளி 25 நாள் நாத்தும் ஒண்ணா நட்டாத்தான் ரெண்டும் ஒரே நேரத்துல பூக்கும். அவர் செண்டை இன்னைக்கே வாங்கிட்டுப் போகட்டும், நிழல்ல வச்சுத் தண்ணி காட்டட்டும்.

அப்பா: இது நல்ல யோசனை.

காலை 9:20
அப்பா: பேசிட்டேன். முதல்ல முகம் சுழிச்சாரு. உருவுன நாத்தைக் கையில குடுத்தேன், பாத்துட்டு அவரே ட்ரேயில திரும்ப வச்சாரு. அடி உரம் போடுற வேலை இன்னும் பாக்கியாம், அதை முடிக்கட்டும்னு சொன்னேன். செண்டு நாத்து எடுத்துட்டுப் போறாரு. தக்காளி அடுத்த வியாழன்.

சித்தப்பா: சரிண்ணே. நல்லதுக்குத்தான். நாளையில இருந்து நான் அந்தத் தக்காளி ட்ரே 41-ஐயும் பாத்துக்கிறேன். நிழல்வலையை எப்பச் சுருட்ட?

நான்: சனிக்கிழமையில இருந்து காலையில ரெண்டு மணி நேரம் வெயில் காட்டுங்க சித்தப்பா, தினமும் கூட்டிக்கிட்டே போங்க. திங்கள்ல இருந்து முழு வெயில். தண்ணியையும் குறைங்க, லேசா வாடுற நேரம் பாத்து ஊத்துங்க. தண்டு கொஞ்சம் ஊதா ஓடி முறுக்கேறும், அதுதான் பதம். ஆனா பூச்சிவலையைத் திறந்துராதீங்க. வெள்ளை ஈ ஒண்ணு உள்ள வந்தாலும் இலைச்சுருட்டை நோயை ஏத்திட்டுப் போயிரும். அது நம்ம இடத்துல தெரியாது, அவர் காட்டுலதான் தெரியும்.

பகல் 1:15
பெரிய அத்தை: எல்லாரும் சாப்பிட்டீங்களா? இங்க போடியில வீட்டுக் கருவேப்பிலை மரத்துல பழம் கருகருன்னு பழுத்துக் கிடக்கு. பறிச்சு நல்லாக் காயவச்சு டப்பாவுல போட்டு வைக்கிறேன். விநாயகர் சதுர்த்திக்கு வரும்போது கொண்டு வாரேன், நீங்க விதை போடுங்க.

நான்: அத்தை, தயவு செஞ்சு காயவைக்காதீங்க!

பெரிய அத்தை: ஏன்டி? கத்திரி, தக்காளி விதையெல்லாம் காயவச்சுத்தானே எடுத்து வைக்கிறோம்?

நான்: அது வேற சாதி அத்தை. கத்திரி விதை காஞ்சாத்தான் வருசம் தாண்டியும் உசிரோட தூங்கும். கருவேப்பிலை, நாவல், பலா இதெல்லாம் தூங்கத் தெரியாத விதை. பழத்துல இருக்கும்போதே முளைக்கத் தயாரா இருக்கு. ஈரம் போச்சுன்னா உசிரும் போச்சு. கருவேப்பிலையைப் பறிச்சு மூணு நாலு நாளைக்குள்ள போட்டுரணும். காய்ஞ்சதைப் போட்டுட்டு முளைக்கலையேன்னு எத்தனை பேர் வந்து கேக்கிறாங்க தெரியுமா, பாவமா இருக்கும்.

அம்மா (பெரிய அத்தைக்கு): மதினி, அப்பத்தா பக்கத்துல இருந்து சொல்றாங்க: கத்திரி விதையைச் சாம்பல்ல புரட்டி வச்சாங்களாம், பூசணி விதையைச் சாணியோட சுவத்துல அப்பி வச்சாங்களாம், கருவேப்பிலை மட்டும் மரத்தடியில விழுந்து தானா முளைச்சதைத்தான் பிடுங்கி நட்டாங்களாம்.

நான்: அப்பத்தா சொல்றதுதான் சரி. விழுந்த உடனே ஈரத்துல கிடக்கு, அதான் முளைக்குது.

பெரிய அத்தை: கிளையைப் போத்தா வெட்டி நட்டா வராதா, முருங்கை மாதிரி?

அப்பா: கருவேப்பிலையில போத்து புடிக்கிறது அபூர்வம் அக்கா. வேர்ல வெடிக்கிற கன்னை எடுத்து நடலாம், ஆனா ஒரு மரத்துக்கு எத்தனை கிடைக்கும்? முருங்கையே இப்ப விதைக்கு வந்துருச்சே. 1989-ல நம்ம பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில பிகேஎம் 1-னு விதை போட்டு வளர்க்கிற முருங்கை ரகம் விட்டாங்க. அதுக்கு முன்னாடி நம்ம ஐயா போத்துதான் மாட்டு வண்டியில ஏத்திக்கிட்டுப் போவாரு. இப்பப் பையில விதை ஊணி ஒரு மாசம் கழிச்சுக் கன்னாக் குடுக்கிறோம், அந்த வருசமே காய்க்குது.

பெரிய அத்தை: அப்ப நான் வெள்ளிக்கிழமை பறிச்சு, சனிக்கிழமை காலை பஸ்ல வந்துரவா?

நான்: வாங்க அத்தை! இலை கசக்குனா மணம் தூக்குற மரமாப் பாத்துப் பறிங்க, நல்லாக் கறுத்த பழம் மட்டும். பாலித்தீன் கவர்ல இறுக்கிக் கட்டாதீங்க, புழுங்கிரும். ஈரத்துணியில சுத்திக் கூடையில வைங்க. இங்க வந்து பிசைஞ்சு சதையைக் கழுவிட்டு அன்னைக்கே பையில ஊணிரலாம். ஒரு வருசம் வளர்த்துத்தான் விக்கணும், அதனால நிழல்ல நல்ல இடமா வேணும்.

மதினி: கிணத்துப் பக்கம் வேப்பமரத்தடியை ஒதுக்கிடுறேன்.

மதினி: அப்புறம் ஒரு கேள்வி. மாடித்தோட்டம் போடுற அக்கா ஒருத்தங்க, நம்மகிட்ட வாங்குன ஹைபிரிட் தக்காளியில இருந்தே விதை எடுத்துப் போடலாமான்னு கேக்கிறாங்க.

நான்: முளைக்கும் மதினி, ஆனா ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி காய்க்கும். நாட்டுத் தக்காளின்னா தாராளமா எடுக்கலாம். பழத்தைப் பிசைஞ்சு ஒரு நாள் புளிக்க விட்டு, கொழகொழப்புப் போகக் கழுவி, நிழல்ல உலத்தச் சொல்லுங்க. அந்தக் கொழகொழப்புதான் முளைக்க விடாமத் தடுக்கிறது. நம்ம நாட்டு ரகத்துல அவங்களுக்கு ரெண்டு நாத்து சும்மா குடுங்களேன்.

மாலை 5:40
அண்ணன்: (படம்) மேக்குப் பக்கம் படுதா கட்டியாச்சு. சாரல் உள்ள வரல. கெட்ட ட்ரே எல்லாம் வெளிய போயிருச்சு. மீதிக்குச் சிஓசி ஊத்திட்டேன். ட்ரேயைத் தரையில இருந்து தூக்கிச் செங்கல் மேல வச்சிருக்கேன், அடியிலயும் காத்து போகட்டும்னு.

நான்: அருமைண்ணே. நாளைக்குக் காலையில ஓரத்து ட்ரேயைப் பாத்துட்டுப் புதுசா சாஞ்சிருக்கான்னு சொல்லு. சாயலேன்னா நின்னுருச்சுன்னு அர்த்தம்.

அம்மா: மிளகாய்க்குத் திரும்ப விதை போடணும்ல?

அப்பா: நாளைக்கே போட்டுரலாம். மிளகா நாத்து 40 நாள் கேக்கும், இப்பப் போட்டாத்தான் ஆவணி கடைசிக்குக் குடுக்கலாம். புதுக் கலவை போட்டுக்குவோம். 300 கிலோ நார்க்கழிவுக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு, உயிர் உரத்துல அசோஸ்பைரில்லம் ஒரு கிலோ, பாஸ்போபாக்டீரியா ஒரு கிலோ. நான் பெரியகுளம் போறேன், விரிடியும் வாங்கிட்டு வாரேன். வேற என்ன வேணும்?

மதினி: கருவேப்பிலைக்குப் பை மாமா. 5-க்கு 8 இஞ்ச் அளவு. கறுப்பு, அடியில ஓட்டை போட்டதா.

பெரிய அத்தை: தம்பி, பை நிறைய வாங்கு. மரம் முழுக்கப் பழம்.