வரைபடத்தில் இருக்கிற கொன்டக்டர் 3டி பெனலில் சேரவே மாட்டேன் என்கிறது, யாராவது உதவுங்கள்

ரோலர்_பையன், ஹட்டன்:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். மின் பெனல் செய்கிற சின்னப் பட்டறை ஒன்றில் டிரோயிங் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். இப்போது தேயிலை ஃபெக்டரி ஒன்றின் ரோலர் மோட்டருக்கு ஸ்டார்-டெல்டா பெனல் (மோட்டரை முதலில் குறைந்த மின்னோட்டத்தில் கிளப்புகிற பெனல்) வரைகிறேன், சொலிட்வர்க்ஸ் எலெக்ட்ரிக்கல் மென்பொருளில். வரைபடம் முடிந்தது, மூன்று கொன்டக்டர் (மோட்டருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கிற சுவிட்ச், பெயர் கேஎம்1, கேஎம்2, கேஎம்3), மோட்டரைக் காக்கிற ஓவர்லோட், டைமர் எல்லாம் இருக்கிறது. கம்பனித் தளத்தில் ஸ்டெப் ஃபைல்களை (பாகங்களின் 3டி உருவங்களை) இறக்கி 3டி அசெம்பிளியில் ரெயிலில் அழகாக வைத்தேன். ஆனால் வயர் ஓட்டச் சொன்னால் ஒன்றுமே வரவில்லை. திரையின் பக்கத்தில் பாகங்களைக் காட்டுகிற பட்டியல் மரத்தில் கேஎம்1, கேஎம்2, கேஎம்3 மூன்றும் இன்னும் வைக்கப்படாத மாதிரியே நிற்கின்றன. இரண்டு நாளாக இதே கூத்து. வெள்ளிக்கிழமை முதலாளி பார்க்க வருகிறார்.

பெனல்_அண்ணன், பண்டாரவளை:
தம்பி, அந்தப் பாகங்களை எப்படி உள்ளே போட்டீர்கள்? சொலிட்வர்க்ஸின் சாதாரண இன்சேர்ட் மூலமா, அந்த மரத்தில் ரைட் கிளிக் செய்தா?

ரோலர்_பையன்:
சாதாரண இன்சேர்ட்தான் அண்ணே. அதுதான் பழக்கம்.

பெனல்_அண்ணன்:
அங்கேதான் பிசகியிருக்கிறது. உங்கள் கண்ணுக்கு அது கொன்டக்டர், மென்பொருளுக்கு வெறும் பிளாஸ்டிக் கட்டி. வரைபடத்து கேஎம்1 டேட்டாபேஸில் ஒரு பெயராக இருக்கிறது, 3டி பாகத்தை அந்தப் பெயரோடு கட்டிவிட்டால்தான் இரண்டும் ஒன்றென்று அதற்குத் தெரியும். வைத்ததை அழிக்க வேண்டாம், மரத்தில் கேஎம்1ஐ ரைட் கிளிக் செய்து அசோசியேட் கொடுத்து, அசெம்பிளியில் இருக்கிற பாகத்தைக் காட்டுங்கள். கேஎம்2, கேஎம்3க்கும் அப்படியே. கட்டு விழுந்ததா என்று மரத்தில் பாருங்கள், வைக்கப்படாத மாதிரி நிற்கக் கூடாது.

அப்புறம் இன்னொன்று. இறக்கிய ஸ்டெப் ஃபைலில் வயர் எங்கே சேரும் என்ற புள்ளியே இருக்காது. எலெக்ட்ரிக்கல் கொம்பொனன்ட் விசர்டைத் திறந்து, ஒவ்வொரு டேர்மினலுக்கும் கனெக்‌ஷன் பொயின்ட் நீங்கள்தான் வைக்க வேண்டும். கையால் ஒவ்வொன்றாக வைக்காமல், உற்பத்தியாளர் பாகத்திலிருந்து (டேட்டாபேஸில் இருக்கிற அந்த மொடலின் விவரத்திலிருந்து) எடுக்கும் வழியில் போங்கள். எண் பிசகாது. ஒரு தடவை செய்து நூலகத்தில் சேமித்துவிட்டால் அடுத்த பெனலுக்கும் அதே பாகம் உதவும்.

ரோலர்_பையன்:
வயர் வந்துவிட்டது! ஆனால் அலங்கோலம். எல்லாம் டேர்மினலிலிருந்து டேர்மினலுக்கு நேர்கோடாக, கொன்டக்டரின் வயிற்றுக்குள் நுழைந்து போகின்றன. வயர் ஓடவேண்டிய பெட்டியான டிரங்கிங்கை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பதுளை_அக்கா:
டிரங்கிங் உங்களுக்குத்தான் டிரங்கிங், அதற்குப் பாதை தெரியாது. டிரங்கிங்கின் நடுவே 3டி ஸ்கெட்ச் ஒன்று வரைந்து, கிரியேட் ரூட்டிங் பாத் கொடுங்கள். ஸ்கெட்சின் பெயர் ஈடபிள்யூ_பாத் என்று ஆரம்பிக்கும். அதை மாற்றிவிடாதீர்கள், அந்தப் பெயரை வைத்துத்தான் அது பாதையைத் தேடுகிறது. கோடுகளின் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் இடைவெளியால் ஒரு நாள் முழுக்க நான் மண்டையை உடைத்திருக்கிறேன். பிறகு ரூட்டிங் பெராமீட்டரில் டேர்மினலுக்கும் பாதைக்கும் நடுவே அனுமதிக்கும் தூரத்தைப் பாருங்கள், அது சிறிதாக இருந்தால் பாதை பக்கத்திலேயே இருந்தும் கண்டுகொள்ளாது. வயர் ஸ்டைலில் விட்டத்தையும் நிரப்புங்கள்.

ரோலர்_பையன்:
அக்கா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். எல்லாம் டிரங்கிங்குக்குள் போய்விட்டன. ஒன்றே ஒன்று மிச்சம். கேஎம்2இன் கொயில் வயர், கொயிலின் டேர்மினலான ஏ1இல் சேராமல் 13ஆம் நம்பர் ஒக்சிலரியில் (துணைத் தொடர்பில்) போய் நிற்கிறது. வரைபடத்தில் சரியாகத்தான் இருக்கிறது.

பெனல்_அண்ணன்:
கேஎம்2 மட்டும் வேறு மொடலா? அப்படியென்றால் உற்பத்தியாளர் பாகத்தில் சர்க்கிட் வரிசையைப் பாருங்கள். கொயில் முதலாவது சர்க்கிட், ஒக்சிலரி இரண்டாவது என்று இருந்து, நீங்கள் 3டியில் புள்ளிகளைத் தலைகீழாக வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும். மோட்டருக்குப் போகிற 2, 4, 6 டேர்மினல்களையும் ஒரு தடவை சரிபாருங்கள், அங்கே மாறினால் மோட்டர் இணைப்பே தப்பாகிவிடும்.

ரோலர்_பையன்:
அதேதான் அண்ணே, வரிசை மாறியிருந்தது. இப்போது எல்லா வயரின் நீளமும் வரைபடப் பட்டியலிலேயே தானாக வந்துவிட்டது. அதைப் பார்த்தே வயரை வெட்டிவிடலாமா?

பதுளை_அக்கா:
கொஞ்சம் பொறுங்கள். மென்பொருள் டிரங்கிங்கின் நடுக்கோட்டை அளக்கிறது, கையில் வளைத்துக் கட்டும்போது அந்த நீளம் போதாது. பெனல் கதவுக்குப் போகிற வயருக்கு இன்னும் தாராளமாக விடுங்கள், கதவு முழுக்கத் திறக்க வேண்டுமே. எங்கள் பட்டறையில் பட்டியல் நீளத்தோடு வயருக்கு ஒரு சாண் சேர்த்துத்தான் வெட்டுவார்கள்.

ரோலர்_பையன்:
என் சாணா, எங்கள் பாஸின் சாணா? அவர் ஆள் ஆறடி.